புதிய செயலாளர்களுக்கு: நோட்டீசில் 'முன்னெடுப்பு' என்று போடும் முன்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற நகரத்தில் கோயிலுக்கோ மன்றத்துக்கோ செயலாளராக உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கூட்டக் குறிப்புப் புத்தகமும் ரப்பர் முத்திரையும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் நீங்கள்தான் நிர்வாகி. அடுத்த வாரமே யாராவது வந்து, "தம்பி, ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடு" என்பார்கள். இப்போது அடிக்கிற நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் 'முன்னெடுப்பு' என்ற சொல் எங்காவது உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் 'ஏற்பாடு', 'முயற்சி', 'தலைமை' இவற்றை வைத்தே காலம் ஓடியது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் தாராளமாகப் புழங்கும் 'முன்னெடுத்தல்' நம் பக்கமும் வந்து நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நல்ல சொல்தான். ஆனால் தப்பான இடத்தில் போட்டால் ஊரில் மனஸ்தாபம் வரும். அது வராமல் வேலையைத் தொடங்கி முடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம்: காடு மண்டிக் கிடக்கும் பழைய தோட்டத்து மயானத்தைச் சுத்தம் செய்வது. பல ஊர்களில் இருக்கும் வேலை இது.

1. இந்த வேலைக்கு அந்தச் சொல் பொருந்துமா?

ஒரு வேலையை முன்னெடுப்பது என்றால், அதை யோசித்துத் தொடங்கி, முன்னால் நின்று நடத்தி, நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது. இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் வேறு சொல் தேடுங்கள். பணம் மட்டும் கொடுத்தவர் ஆதரவு தந்தவர். ரிப்பன் வெட்டியவர் தொடங்கி வைத்தவர். யோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போனவரை 'ஆலோசகர்' என்று போட்டு மகிழ்வித்துவிடலாம், நம் ஊரில் அதற்கும் ஆள் உண்டு.

சொல் முழுசாகப் பொருந்தும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் இதே ஊரில் பார்க்கலாம். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய ரப்பர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வேலையும் போனது, லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இங்கே 'சம்பந்தன் முன்னெடுத்த கூட்டுறவுத் திட்டம்' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். யோசனை, அலைச்சல், பொறுப்பு மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. 1954-இல் அவர் சுங்கை சிப்புட்டில் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலைக்கும் அதே சொல் தகும்.

'இயக்கம்' வேறு. கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் 1946, 47-இல் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது தோட்டம் விட்டுத் தோட்டம் பரவியது. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்கள்கூடக் காசு கொடுத்தார்கள். இவற்றை இயக்கம் என்று சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் லாலாங் புல் வெட்டுவதற்கு 'மாபெரும் சமூக இயக்கம்' என்று பேனர் கட்டாதீர்கள். 'மயானத் துப்புரவுப் பணி' போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும், வேலி போட வேண்டும், கல்லறைகளுக்குப் பதிவேடு எழுத வேண்டும் என்றெல்லாம் திட்டம் இருந்தால் அப்போது அதை முன்னெடுப்பு என்று சொல்லுங்கள்.

2. பேனரில் யார் பெயருக்கு எந்தச் சொல்?

சண்டை வருவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பேனர் கடையில் வழக்கமாக நடக்கிற பேச்சு இப்படி இருக்கும். கணினித் திரையில் வடிவமைப்பு தெரிகிறது. கோயில் தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்க்கிறார்.

"தம்பி, என் பேரு எங்க?"

"மேல பாருங்க அண்ணே, 'தலைமை'ன்னு போட்டிருக்கேன்."

"அது சரி. கீழ 'முன்னெடுப்பு: இளைஞர் பகுதி'ன்னு இருக்கே. அப்ப நிர்வாகம் சும்மாவா இருந்துச்சு?"

கடைக்கார அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நான் அடுத்த ஆளோட வேலையப் பார்க்கிறேன்" என்கிறார்.

தலைவர் கேட்டதில் தப்பில்லை. சொற்களுக்கு உள்ள எல்லையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லைகள் இவை.

'தலைமை' அல்லது 'தலைமையில்' என்பது அன்றைய நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்குபவருக்கு. மேடையில் நடு நாற்காலி அவருடையது. வேலையை நடத்தியவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 'முன்னிலையில்' என்பது வந்து சிறப்பிக்கும் பெரியவருக்கு: சட்டமன்ற உறுப்பினர், தோட்ட மானேஜர், தலைமையாசிரியர் மாதிரி. 'முன்னிலை'யும் 'முன்னெடுப்பு'ம் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அவசரத்தில் மாற்றி அடித்துவிடுவார்கள்; அச்சுக்குப் போகும் முன் இதை ஒருமுறை தனியாகப் பாருங்கள். 'ஏற்பாட்டில்' என்ற சொல்லுக்கு முன்னால் வருவது சங்கத்தின் பெயர், அதுவும் பதிவு பெற்ற சங்கத்தின் பெயர். சட்டப்படி பொறுப்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டு சங்கங்கள் என்றால் 'இணை ஏற்பாட்டில்'. பணமோ பொருளோ தந்தவருக்கு 'ஆதரவில்'. 'முன்னெடுப்பு' வேலையை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு.

ஆக அந்தப் பேனரில் 'ஏற்பாடு: ஆலய நிர்வாகம்' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. 'முன்னெடுப்பு: இளைஞர் பகுதி' அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாராங் கத்தியோடு நிற்கப்போவது அவர்கள்தானே. அண்ணனிடம் இதை அடுத்தவர் முன்னால் சொல்லாமல், வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுங்கள்.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ இவற்றில் ஒரு 'ஸ்ரீ' விட்டுப்போனால் அதற்கு எந்தச் சொல்லாலும் பரிகாரம் இல்லை. அவர்கள் அலுவலகத்துக்கே அழைத்துக் கேட்டு எழுதுங்கள்.

3. வாக்கியத்தில் வைக்கும்போது

முன், எடு இரண்டும் சேர்ந்தால் முன்னெடு. தனிக்குறிலை அடுத்த ஒற்றுக்குப் பின் உயிர் வந்தால் ஒற்று இரட்டிக்கும் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோமே, அதுதான். 'முன் எடுப்பு' என்று பிரிக்க வேண்டாம். 'முன்னேடுப்பு' என்று நீட்டவும் வேண்டாம்.

இது செயப்படுபொருள் கேட்கும் வினை. 'இளைஞர்கள் முன்னெடுத்தார்கள்' என்று நிறுத்தினால் படிப்பவர் 'எதை?' என்று கேட்பார். 'மயானச் சீரமைப்பை இளைஞர்கள் முன்னெடுத்தார்கள்' என்று ஐகாரத்தோடு பொருளைச் சொல்லுங்கள். 'முன்னெடுப்பை எடுத்தார்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். எடுப்பு உள்ளேயே இருக்கிறது, மறுபடியும் எதற்கு எடுப்பது? 'முன்முயற்சி எடுத்தார்கள்' என்றால் சரி.

செயப்பாட்டு வினையில் கவனம் வேண்டும். 'சீரமைப்புப் பணி முன்னெடுக்கப்பட்டது' என்று எழுதினால் செய்தவர் பெயர் காணாமல் போகும். அறிக்கை எழுதுகிறவருக்கு இது வசதி, யார் பெயரையும் விட்டதாகப் பழி வராது. ஆனால் வெயிலில் நின்றவர்கள் படித்துவிட்டு அடுத்த முறை வர மாட்டார்கள். இந்த வடிவத்தை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

வேறொருவர் தொடங்கியதை நீங்கள் தொடர்ந்தால் 'முன்னெடுத்துச் செல்கிறோம்' என்று எழுதுங்கள். வெறும் 'முன்னெடுக்கிறோம்' என்றால் தொடங்கியதே நாம்தான் என்று ஆகிவிடும். பழைய நிர்வாகத்தினர் எல்லாரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், நோட்டீசும் படிக்கிறார்கள்.

4. நோட்டீசுக்கு முன் போக வேண்டிய வீடுகள்

சொல் தயார். உடனே புலனத்தில் போட்டுவிடாதீர்கள்.

மயானம் தோட்ட நிலத்துக்குள் இருந்தால் அது தனியார் நிலம். நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். நேராக மானேஜரிடம் போவதைவிட, முதலில் ஆபீஸ் கிராணியை, அதாவது எழுத்தரைப் பாருங்கள். எந்த நாளில் மானேஜர் இருப்பார், எந்தப் பாதையில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓடும், எந்தக் கேட்டுக்குச் சாவி வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மருந்தடிக்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடம்.

அப்புறம், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரையும் பாருங்கள். இப்போது பல தோட்டங்களில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும்தான் அதிகம். நம் ஆட்கள் தோட்டத்துக்கு வெளியே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் கோயிலும் மயானமும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. எந்தக் குழி யாருடையது என்பது வயதான ஓரிரண்டு பேர் நினைவில்தான் இருக்கும். ஒரு பாட்டியோ தாத்தாவோ கிடைத்தால் வேலை நாளுக்கு முன்பே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத மேட்டில் ஒரு குச்சி நட்டு, துணி கட்டி அடையாளம் வையுங்கள். புல்வெட்டும் மிஷின் பிடிக்கிற பையனுக்கு லாலாங்குக்குள் சின்னச் சிமெண்டுக் கல் தெரியாது. பிளேடு பட்டால் கல்லும் உடையும், காலும் போகும். காட்டிக்கொடுத்த பாட்டியின் பெயரை நோட்டீசில் போட அவரே கூச்சப்படுவார். அறிக்கையில் போடுங்கள்.

நாள் பார்க்கும்போது பஞ்சாங்கம் மட்டும் போதாது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு திரும்பும் வாரக்கடைசி வேண்டும். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும் என்பதால் காலையிலேயே முடிக்கும் வேலையாகத் திட்டமிடுங்கள். நன்கொடை கேட்பதாக இருந்தால் மாதத்தின் 7-ஆம் தேதிக்குப் பிறகு கேளுங்கள். சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது தொழில் சட்டம், தோட்டத்து வீட்டுக் கணக்கும் அதைச் சுற்றித்தான் ஓடும்.

5. மலாய்க் கடிதம்

வெட்டிய புல்லும் முள்ளும் குப்பை லாரிக்குப் போக வேண்டும். அதற்கு நகராண்மைக் கழகத்திடம் ரோரோ தொட்டி (லாரியில் ஏற்றிப் போகும் பெரிய குப்பைத் தொட்டி) கேட்டுக் கடிதம் கொடுப்பது வழக்கம். சுங்கை சிப்புட்டுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். கடிதம் மலாயில் இருக்க வேண்டும். அங்கேயும் அதே சொல் பிரச்சினைதான், வேறு உடையில். 'அஞ்சூரான்' என்பதற்குப் பின்னால் ஏற்பாடு செய்யும் சங்கத்தின் பெயர். 'டெங்கான் கெர்ஜாசாமா' என்றால் ஒத்துழைப்புடன். இங்கே தோட்ட நிர்வாகத்தையும் பள்ளியையும் சேர்க்கலாம். முன்னெடுப்பவர்களைச் சொல்ல 'டித்தெராஜூயி ஓலெ'. 'டிராஸ்மிகான் ஓலெ' என்பது அதிகாரப்பூர்வமாகத் தொடங்கி வைப்பவருக்கு மட்டும். தமிழ் நோட்டீசில் ஒரு பெயரும் மலாய்க் கடிதத்தில் இன்னொரு பெயரும் ஏற்பாட்டாளராக இருந்தால் அலுவலகத்தில் கடிதம் ஓரமாகப் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடிதத்தில் சங்கத்தின் பதிவு எண், நாள், நேரம், இடம், தொட்டி எந்த மூலையில் நிற்க வேண்டும், தொடர்புக்கு ஒருவர் பெயர். மானேஜர் தந்த அனுமதிக் கடிதத்தின் நகலைப் பின்னால் இணையுங்கள். கோயில் வரலாறு, மயான வரலாறு எல்லாம் அங்கே வேண்டாம்.

6. காசும் பதிவும்

நண்பர்கள் சேர்ந்து தொடங்குகிற முன்னெடுப்புகள் பெரும்பாலும் பெயர் வைத்த மறுநாளே நன்கொடை கேட்கின்றன. நிதானமாகப் போங்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஒரு சங்கம் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். பதிந்த பிறகு ஒவ்வோர் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். இது உங்களுக்குப் பெரிய சுமை என்றால் தனிச் சங்கம் வேண்டாம். ஏற்கெனவே பதிவுள்ள கோயிலோ மன்றமோ ஏற்பாட்டாளராக இருக்கட்டும், நீங்கள் அதற்குள் முன்னெடுங்கள். காசு அந்தச் சங்கத்தின் கணக்கில் போய், ரசீது அந்தச் சங்கத்தின் பெயரில் வரட்டும். சொந்தக் கணக்கு எண்ணைப் புலனத்தில் போடுவது கூடவே கூடாது. பத்து வெள்ளி என்றாலும் ரசீது கொடுங்கள்.

வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் குலுக்க 1947-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு உரிமம் வாங்க வேண்டும். தெரிந்தவர்களிடம் பொருளாகக் கேட்பது இதைவிடச் சுலபம்: ஒருவர் பெட்ரோல், ஒருவர் கையுறை, ஒருவர் எல்லாருக்கும் நாசி லெமாக். இவர்கள் பெயர் 'ஆதரவில்' வரும், மறந்துவிடாதீர்கள்.

7. முடிந்த அன்று இரவே அறிக்கை

ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பெயர்கள் மறந்துபோகும், பிறகு 'மற்றும் பலர்' என்று எழுத வேண்டியிருக்கும். பத்திரிகைக்கு அனுப்புவதும் கூட்டக் குறிப்பில் ஏறுவதும் இதே அறிக்கைதான். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

'வரலாற்றுச் சிறப்புமிக்க மாபெரும் மயானத் துப்புரவு முன்னெடுப்பு ஒன்று பலரின் ஒத்துழைப்புடன் மிகச் சிறப்பாக முன்னெடுக்கப்பட்டது.'

இரண்டு முன்னெடுப்பு, மூன்று சிறப்பு வார்த்தை, ஒரு தகவலும் இல்லை. இப்படி மாற்றுங்கள்:

'தோட்டத்துப் பழைய மயானத்தைச் சீரமைக்கும் பணியை ஆலய இளைஞர் பகுதி முன்னெடுத்துள்ளது. முதல் கட்டமாக ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குப் பகுதியில் புதர் வெட்டப்பட்டது. தோட்ட நிர்வாகம் பாதையைத் திறந்துவிட்டது. நகராண்மைக் கழகம் ரோரோ தொட்டி தந்தது. மேற்குப் பகுதி வேலை அடுத்த மாதம் நடக்கும்.'

இதன்கீழ் வந்தவர்கள் பெயர்ப் பட்டியல். பெண்கள் பெயரை 'மகளிர் பகுதியினர்' என்று மொத்தமாகப் போட்டு முடிக்காதீர்கள். அன்றைக்கு ஆண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குப்பையைக் குவித்துத் தள்ளியவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

படம் ஒன்றிரண்டு போதும். வரிசையாக நின்று கட்டைவிரல் காட்டும் படத்தைவிட, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் அடுத்த முறை கடிதம் எழுதும்போது உதவும்.

8. இரண்டாம் சுற்று, அல்லது நிறுத்தம்

ஆறு மாதம் கழித்து மறுபடியும் புல் வளர்ந்திருக்கும். முதல் சுற்றில் முன்னின்றவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். அவர் பெயரைப் பேனரில் தொடர்ந்து போட்டுக்கொண்டே போகாமல், கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாளராக நியமித்துக் குறிப்பில் ஏற்றுங்கள்: 'இப்பணியை இனி இன்னார் முன்னெடுத்துச் செல்வார்.' கூடவே ஒரு கோப்பும் கைமாற வேண்டும்: மானேஜரின் கடிதம், கழகத்துக்கு எழுதியதன் நகல், ரசீதுப் புத்தகம், குச்சி நட்ட மேடுகளின் வரைபடம். கோப்பு இல்லாமல் பதவி மட்டும் மாறினால் புதியவர் மறுபடியும் கிராணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆள் கிடைக்கவில்லை, நடத்த முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். 'மயானச் சீரமைப்புப் பணி தற்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கையிருப்புத் தொகை ஆலயக் கணக்கில் இருக்கிறது. தொடர்ந்து நடத்த விரும்புவோர் செயலாளரைப் பார்க்கவும்' என்று சின்ன நோட்டீஸ். கோயில் அறிவிப்புப் பலகையிலும் புலனத்திலும் ஒரே நாளில் போடுங்கள், தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு.